விடுபட்ட நான்கு புள்ளிகள்

மருத்துவமனை முழுக்க அவளுக்கு மீட்டரம்மா என்றுதான் பேர். சர்வர் அறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து பதினெட்டு சர்வர்களின் உடம்பை அளப்பது அவள் வேலை. சிபியு எவ்வளவு உழைக்கிறது, நினைவகத்தில் எவ்வளவு மிச்சம், தகவலைச் சேமித்து வைக்கும் டிஸ்க் எத்தனை முறை படித்தது, விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று, உள்ளே போகிற காற்றின் சூடு என்ன என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் எண் இருந்தது. பதினைந்து வினாடிக்கு ஒரு முறை அவளுடைய சேகரிப்பு நிரல் ஒவ்வொரு சர்வரிடமும் போய் நிலவரம் கேட்கும். சர்வர் ஒரு நீளமான பட்டியலை ஒப்பிக்கும். ஒப்பித்ததைப் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் கிராஃப்.

அந்த கிராஃப்கள் தாழ்வாரத்தில் தொங்கும் பெரிய திரையில் ஓடும். வெளியிலிருந்து யார் வந்தாலும் கணினிப் பிரிவு மேலாளர் அவர்களை அங்கே ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பார். திரை பச்சைப்பசேல் என்றிருக்கும். மேலாளரின் முகமும் மலர்ந்திருக்கும்.

பச்சை பிடிக்காத ஒரே ஆள் கீழ்த்தளத்தில் இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கவுன்டரின் பதிவு எழுத்தர். அவள் குரல் மூன்று மாடிக்குக் கேட்கும் என்பதால் சைரன் என்று பேர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். "ஆமா, சைரன்தான். ஒதுங்கி வழி விடுங்க" என்பாள்.

இரண்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது மேலே போன் வரும்.

"ஏம்மா மீட்டரம்மா, உன் மெஷின் மறுபடியும் செத்துப்போச்சு. ஸ்கிரீன் அப்படியே கல்லு மாதிரி நிக்குது. இங்க நாப்பது பேரு கையை மடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

மீட்டரம்மா திரையைப் பார்ப்பாள். கோடு சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

"இங்க எல்லாம் பச்சையாத்தாங்க இருக்கு. நீங்க பட்டனைப் போட்டு அடிக்காம கொஞ்சம் பொறுமையா இருங்க."

"பொறுமையா? நீ வந்து இந்த ஸ்டூல்ல அஞ்சு நிமிஷம் உக்காரு, அப்புறம் பொறுமையைப் பத்திப் பேசலாம்." டொக்கென்று போனை வைத்துவிடுவாள்.

இப்படியே போயிருந்தால் அது இரண்டு பெண்களுக்கு நடுவே ஓடும் ஒரு சில்லறைச் சண்டையாகவே இருந்திருக்கும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரே ஆளின் லேபிள் இரண்டு பேருடைய ரத்த மாதிரிக் குழாய்களில் ஏறிவிட்டது. சைரன் ஒருவருக்காக லேபிள் பட்டனை அழுத்தியிருக்கிறாள். எதுவும் வரவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறாள். அதற்கும் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, பின்னால் நின்ற பெரியவரை முன்னே கூப்பிட்ட நேரத்தில் திரை உயிர் பெற்று, பழைய ஆளின் லேபிள் இரண்டையும் சேர்த்துத் துப்பியது. ஒன்று உரிய குழாயில் ஒட்டியது. இன்னொன்று, அவசரத்தில், பெரியவரின் குழாயில்.

மாடியில் இருந்த செவிலி சந்தேகப்பட்டு மறுபடி ரத்தம் எடுத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை வந்துவிட்டது. வியாழன் மதியம் மூன்று மணி. கவனக்குறைவு நிரூபணமானால் வேலை போகும்.

திங்கட்கிழமை மேலாளர் ஒரு தாளோடு வந்தார். கவுன்டருக்கான சர்வரின் செவ்வாய் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான கிராஃப், கீழே ஒரு வரி: 'மேற்படி நேரத்தில் சர்வர் இயல்பாக இயங்கியது.' அதற்கும் கீழே அவள் கையெழுத்துக்கான இடம்.

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. அந்தம்மா ஸ்கிரீன் நின்னுபோச்சுன்னு சாதிக்குது. நிக்கலைன்னு நாம சொல்லணும், அவ்வளவுதான்."

மீட்டரம்மா கிராஃபைப் பார்த்தாள். பத்தேகாலுக்கு சிபியு முப்பது சதவீதம். பிறகு முப்பத்திரண்டு. குண்டூசி போடக்கூட இடமில்லாத நேர்க்கோடு. பேனாவைத் திறந்தும்விட்டாள். அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது.

"போடு, போடு, நல்லா அழுத்திப் போடு!" வாசலில் சைரன் நின்றாள். "ரெண்டு மாசமா போன் போட்டுக் கத்தினேனே, அதையும் அதுல எழுதிக்கோ. எனக்கு வேலையத்த பொழுதுன்னு போன் பண்ணேனா?"

"ஏம்மா, இது ஆபீஸ்" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். மன்னிப்புக் கடுதாசி எழுதிக் கொடுத்தா வேற கவுன்டருக்கு மாத்தி விட்டுடலாம்னு காலையில ஆள் அனுப்பினீங்களே, அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். எழுத மாட்டேன். லேபிளை நான்தான் ஒட்டினேன், அதை எங்க வேணா சொல்றேன். ஸ்கிரீன் நிக்கலைன்னு மட்டும் என் கையால எழுத மாட்டேன். நின்னுச்சு. நாப்பது பேரு பாத்தாங்க." மீட்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ அளக்குறது சரியா இருந்தா என்னைப் பைத்தியம்னு எழுதிக்கோ, போ."

அவள் போன பிறகும் அறை சற்று நேரம் அதிர்ந்தது.

மீட்டரம்மா பேனாவை மூடினாள். "சார், மூல எண்களைப் பாத்துட்டுப் போடுறேன். நாளைக்குத் தரேன்."

"அதான் கிராஃப் இருக்கே?"

"கிராஃப் படம் சார். எண்ணைப் பாக்கணும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போனார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான்.

மூல எண்கள் என்பது வெறும் பட்டியல். நேரம் ஒரு பக்கம், அளவு மறு பக்கம். பத்து மணி பதினான்கு நிமிடம் பத்து வினாடிக்கு ஒரு வரி இருந்தது. அடுத்த வரி இருபத்தைந்தாவது வினாடியில் வர வேண்டும். வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நான்கு வரிகள் காணாமல் போய், பத்து பதினைந்து இருபத்தைந்துக்கு மறுபடி தொடங்கியது. எழுபத்தைந்து வினாடி அந்த சர்வர் சேகரிப்பு நிரலுக்குப் பதிலே சொல்லவில்லை.

பட்டியலில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும்போது கிராஃபில் மட்டும் கோடு எப்படி வந்தது?

அவளுக்கு நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தத் திரையை மாட்டிய புதிதில் கோடு அங்கங்கே அறுந்து தெரிந்தது. "பல்லுபோன வாய் மாதிரி இருக்கும்மா, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மேலாளர். வரைபட மென்பொருளில் 'விடுபட்ட புள்ளிகளை இணைக்கவும்' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அவள் அதில் ஒரு டிக் போட்டாள். பல் கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து சர்வர் எங்கெல்லாம் வாயடைத்துப் போனதோ, அங்கெல்லாம் மென்பொருள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு பாலம் போட்டுவிட்டது. சைரன் போன் பண்ணியபோதெல்லாம் மீட்டரம்மா அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டுதான் "எல்லாம் பச்சை" என்றிருக்கிறாள்.

பெட்டியில் இருந்த டிக்கை எடுத்தாள். கோடு அறுந்தது. இரண்டு மாதத்துக்குப் பின்னோக்கி ஓட்டினாள். ஒரே சர்வரில் பத்தொன்பது இடங்களில் கோடு அறுந்திருந்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்டியபோதும் மேலாளர் அசரவில்லை. அவரும் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர்தான்.

"புள்ளி வரலைன்னா சர்வர் நின்னுபோச்சுன்னு அர்த்தமா? கேட்கிற நிரல் வேற மெஷின்ல இருக்கு. நடுவுல கேபிள் ஆடியிருக்கலாம், நெட்வொர்க் சுவிட்ச் தும்மியிருக்கலாம். போன் எடுக்கலைன்னா ஆள் செத்துட்டான்னு சொல்லுவியா?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். பதில் வரவில்லை என்பதை வைத்து, ஏன் வரவில்லை என்று சொல்ல முடியாது.

"இதை விசாரணையில கொண்டு வராதே. வருஷம் பூரா தடையில்லாம ஓடுதுன்னு நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். உனக்கும் இந்த ஏசி ரூம் பிடிச்சுதானே இருக்கு? பிரின்டர் பழுது பாக்குற இடத்துல ஆள் கேக்கறாங்க."

"அங்கயும் அளக்கறதுக்கு ஏதாவது இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் கணவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து தன் பஸ் டிப்போ கதையை ஓட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் ஒரு சொல் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியில இருக்கிற ட்ராக்கர் மலைப்பாதையில சிக்னல் விட்டுடுச்சு. ஒரு மணி நேரம் வண்டி எங்க இருந்துச்சுன்னே தெரியலையாம். எங்கயாவது ஓரமா நிறுத்திட்டுத் தூங்கினியான்னு கேக்கறான் சூப்பர்வைசர், என்னைப் பாத்து!"

"தூங்கினியா அண்ணே?" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடு. ஓடுன கிலோமீட்டர் காட்டுற மீட்டரைப் பாருய்யான்னேன். கிளம்பும்போது எழுதினது இருக்கு, வந்து சேர்ந்ததும் எழுதினது இருக்கு. கழிச்சுப் பாரு. நடுவுல உன் ட்ராக்கர் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன, சக்கரம் சுத்தினது சுத்தினதுதானே? கழிச்சான். நாப்பத்தி ஒரு கிலோமீட்டர். கப்சிப்."

மீட்டரம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.

"அண்ணி, உங்க ஸ்கிரீனும் நின்னுபோச்சா?" என்றாள் நாத்தனார்.

அவளுக்குத் தெரியாத விஷயமில்லை அது. சர்வர் தரும் எண்களில் இரண்டு சாதி உண்டு. சூடு, விசிறி வேகம் மாதிரியானவை ஸ்பீடோமீட்டர் முள். பார்க்கிற கணத்தில் என்ன காட்டுகிறதோ அதுதான். பார்க்காமல் விட்டால் போனது போனதுதான். இன்னொரு வகை, ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை. டிஸ்க் இதுவரை எத்தனை தடவை படித்து முடித்தது, இதுவரை மொத்தம் எத்தனை மில்லி வினாடி வேலையில் இருந்தது என்று இயங்குதளம் தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருக்கும். யாராவது கேட்கிறார்களா என்று அது பார்ப்பதில்லை. மெஷினை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கிராஃப் அந்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வேகமாக மாற்றிக் காட்டிவிடுவதால், வருடக்கணக்கில் வேகத்தையே பார்த்துப் பார்த்து, அடியில் அந்தப் பெரிய எண் உட்கார்ந்திருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்த இரண்டு வரிகளை எடுத்து வைத்தாள். ஓட்டைக்கு முந்தைய வரி, பிந்தைய வரி. டிஸ்க் படித்து முடித்த எண்ணிக்கை: முதலாவதன் கடைசி மூன்று இலக்கம் 907. இரண்டாவதில் 910. அவற்றுக்கு முன்னால் இருந்த இலக்கங்கள் அச்சு அசலாக ஒன்றே. மற்ற நேரங்களில் அந்த டிஸ்க் எழுபத்தைந்து வினாடியில் ஒன்பதாயிரம் முறை படித்து முடிக்கும். அன்று மூன்றே முறை. சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வேலையில் இருந்த நேரம் அதே இடைவெளியில் எழுபத்து நான்கு வினாடி ஏறியிருந்தது. மூச்சு முட்ட உழைத்திருக்கிறது, கொடுத்தது மூன்று. சிபியுவின் எண்ணிக்கையும் அந்த இடைவெளியில் அநேகமாக ஏறவில்லை: டிஸ்க்கிலிருந்து எதுவும் வராமல், துணி வராத தையல்காரர் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது.

டிஸ்க்கும் தனக்குள் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அதை ஒரே கட்டளையில் வாசிக்கலாம். வாசித்தாள். படிக்க முடியாமல் திணறும் இடங்கள்: நூற்றுப் பன்னிரண்டு. ஆரோக்கியமான டிஸ்க்கில் அங்கே பூஜ்ஜியம் இருக்கும். கெட்டுப்போன இடத்தில் முட்டும்போதெல்லாம் அது விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருக்கிறது. மொத்த சர்வரும் அதன் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது, கவுன்டரில் நின்ற நாற்பது பேரைப் போல.

வியாழன் மதியம் விசாரணை அறையில் நான்கு பேர். மேசைக்கு நடுவில் தலைமை மருத்துவர். அவர் அறுவை சிகிச்சை செய்கிறவர். பேச்சையும் அப்படித்தான் நறுக்குவார். ஒரு பக்கம் மேலாளர். எதிரே சைரன், முதல் முறையாக வாயைத் திறக்காமல். ஓரத்தில் மீட்டரம்மா.

மேலாளர் கிராஃபை நீட்டினார். "சர்வர் இயல்பா இருந்தது டாக்டர். பாருங்க, ஒரு ஆட்டம் இல்லை."

"இவங்க கையெழுத்து இல்லையே" என்றார் தலைமை மருத்துவர்.

"போடுவாங்க."

"போட மாட்டேன் டாக்டர்" என்றாள் மீட்டரம்மா. குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. "அந்தக் கோட்டுல எழுபத்தஞ்சு வினாடி பொய்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் தன் தாளை மேசையில் வைத்தாள். அறுந்த கோடு. பக்கத்தில் இரண்டே வரி எண்கள். தலைமை மருத்துவர் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல கோடு இல்லை. அதுல இருக்கு. யார் இழுத்தது?"

மேலாளர் அவளைப் பார்த்த பார்வையில் எச்சரிக்கையைவிடக் கெஞ்சல் அதிகம் இருந்தது. மென்பொருள் என்று சொல்லியிருக்கலாம். மேலாளர் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டிலும் பாதி உண்மை உண்டு.

"நான்தான் டாக்டர். மூணு வருஷத்துக்கு முன்னால. பாக்க அசிங்கமா இருக்குன்னு சொன்னாங்க, நானும் இணைச்சுட்டேன். ரெண்டு மாசமா இவங்க போன் பண்ணினப்பல்லாம் அதைப் பாத்துத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன். தப்பு என் பேர்ல."

"கேபிள் பிரச்சினையா இருக்கலாம் டாக்டர்" என்றார் மேலாளர். "இல்லைன்னா நடுவுல ரீஸ்டார்ட்..."

"ரீஸ்டார்ட் ஆகியிருந்தா எண்ணிக்கை பூஜ்ஜியத்துலேர்ந்து வந்திருக்கும் சார். இது விட்ட இடத்துலேர்ந்து வருது. மெஷினைக் கடைசியா அணைச்சு இருநூத்திப் பதினொரு நாள் ஆச்சு. கேபிள் அறுந்திருந்தா எனக்குத்தான் சேதி வராது. டிஸ்க் பாட்டுக்கு ஒன்பதாயிரம் தடவை படிச்சிருக்கும். படிச்சது மூணு." அவள் 907ஐயும் 910ஐயும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இதை நான் எண்ணலை டாக்டர். யாருமே கேக்காத நேரத்துல மெஷின் தானா எண்ணினது."

தலைமை மருத்துவர் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். உதடு அசைந்தது.

"என் மானிட்டர்ல ஒரு நோயாளியோட துடிப்பு ஒரு நிமிஷம் வரலைன்னா, நடுவுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு என்கிட்ட காட்டுவீங்களா?" என்று கேட்டார். கேள்வி யாருக்கு என்று சொல்லவில்லை.

"லேபிளைப் பேரைப் பாக்காம ஒட்டினது என் தப்புதான் டாக்டர்" என்றாள் சைரன் திடீரென்று. குரல் சாதாரண ஆளுடையதைப் போல இருந்தது. "அதை மட்டும் எழுதிக்கோங்க. மத்தது என்னுது இல்லை."

அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலை தங்கியது. டிஸ்க்கை மாற்றச் சொல்லி உத்தரவு போனது, சனிக்கிழமைக்கு. மீட்டரம்மாவுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம், தவறான கிராஃப் காட்டியதற்காக. வாங்கிக்கொண்டாள். அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

சேர வேண்டாதது வெள்ளிக்கிழமை காலை வந்தது. மேலாளர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை: அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், தாழ்வாரத்துத் திரையில் கிராஃப் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும், தவறினால் பணியிடம் மாற்றப்படும்.

அவள் அதே தாளின் அடியில் எழுதினாள்: 'முடியாது. அறுந்த இடம் அறுந்ததாகவே தெரியும்.' இந்த முறை கையெழுத்தை நன்றாக அழுத்திப் போட்டாள். ஒரு நகல் தலைமை மருத்துவருக்கும் அனுப்பினாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, தன் டம்ளரையும் சின்ன ஸ்குரூ டிரைவரையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். பிரின்டர் அறைக்குப் போவதானால் அவை போதும்.

பத்தரை மணி. போன் அடித்தது.

"ஏம்மா மீட்டரம்மா..."

அவள் திரையைப் பார்த்தாள். கோடு ஓடி வந்து, நட்டநடுவே நின்று போயிருந்தது. அதற்கு அப்பால் வெறுமை. தாழ்வாரத்தில் போகிறவர்கள் யாராக இருந்தாலும் பார்க்கலாம், மேலாளர் உட்பட.

"ஆமாங்க, நின்னுடுச்சு" என்றாள். "இங்கயும் தெரியுது. பட்டன்லேர்ந்து கையை எடுத்துட்டு, வரிசையில நிக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க. கோடு வந்ததும் நானே கூப்பிடறேன்."

மறுமுனையில் போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூன்று மாடிக்கும் கேட்கும்படி சைரன் வரிசையை நோக்கிக் கத்தினாள்:

"எல்லாரும் உக்காருங்கப்பா! மெஷின் நின்னுபோச்சாம்! மேலேர்ந்தே சொல்லிட்டாங்க!"